இணைச்சீருக்கு நிற்பவள்

நழுவுகிறது, பாவாத்தாளின் கக்கத்திலிருந்து அந்த அரக்குப் பட்டின் முனை நழுவிக்கொண்டே இருக்கிறது, தலையில் பேழைமூடி என்கிற சீர்க்கூடை, அதைப் பிடித்திருக்கிறது இடது கை, வலது கையில் தண்ணீர்ச் செம்பு, இரண்டையும் விட முடியாமல் அவள் தோளை ஒடுக்கி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள், பட்டின் மறுமுனையைப் பிடித்தபடி என் தம்பி அர்த்தனாரி மாப்பிள்ளைக் கோலத்தில் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான், தன் கையிலிருக்கும் சேலை தொய்வது அவனுக்குத் தெரியவில்லை, பந்தலில் இருநூறு பேர், ஒருவர் கண்ணிலும் இன்னும் படவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது, பார்க்கக் கூடாதவள் என்று உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட எனக்கு மட்டும், கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று வருடமாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு மடிப்பாக அது இறங்குகிறது, அவள் அதற்குள் மூன்று பிள்ளை பெற்றுவிட்டாள், தம்பி செத்து ஒன்பது வருடமாகிறது, சேலை இன்னும் தரையைத் தொடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இணைச்சீர் என்பது தாலி கட்டுவதற்கு முன்னால் நடக்கிற பல சீர்களில் ஒன்று, எங்களுக்கு அப்படியில்லை, மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவனுடைய சகோதரியும் பிடித்து நிற்பார்கள், கட்டிக்கொள்ள ஒருத்தி வரப்போகிறாள், அவள் வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன், உன் மகளுக்கு என் மகன், என் வீட்டில் உனக்கு என்றைக்கும் ஒரு பாய் உண்டு என்று அவன் ஊர் முன்னால் வாய் திறக்காமலே சொல்கிற இடம் அது, அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் நான். எனக்கு ஒன்பது வயதிலும் அர்த்தனாரிக்கு நான்கு வயதிலும் எங்கள் ஆத்தா போய்ச் சேர்ந்தாள், அவனுக்குச் சோறு ஊட்டியது நான், அம்மை வார்த்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்தது நான், அவன் மாட்டுக்குப் பயந்து என் பாவாடைக்குள் புகுந்துகொள்வான், அக்கா நீதான எனக்கு இணைச்சீருக்கு நிப்ப என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைத் திருப்பித் திருப்பிச் சொல்வான், ஆமாண்டா சாமி வேற யாரு நிப்பா என்பேன். பிறகு எனக்குக் கல்யாணமாகிறது, மூன்றாம் வருடம் அவர் கிணற்றுக்கு வெடி வைத்த இடத்தில் கல் விழுந்து போய்விடுகிறார், இருபத்தொரு வயதில் வெள்ளைச் சேலையோடு என்னைப் பெற்ற ஐயன் வீட்டுக்கே திரும்பி வருகிறேன், சாவிக்கொத்து என் இடுப்புக்கு வருகிறது, களத்தில் நான் சொன்னால்தான் நெல் அளப்பார்கள், நாலு ஊரில் எங்கள் வீட்டுப் பேருக்கு ஒரு சொல் வராமல் பார்த்துக்கொண்டது நான், அதனால்தானோ என்னவோ, தம்பிக்குப் பெண் பார்த்து முடித்தபோது எனக்குள் அந்தப் பழைய நினைப்பு அப்படியே இருந்தது, கைம்பெண் சீருக்கு நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா, தெரியும், ஆனாலும் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவளை நிறுத்தினால் என்ன என்று கேட்பார்கள் என்று இருந்தேன்.

ஐயன் கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னார், அம்மிணி, சீருக்குப் பாவாத்தாளை வரச் சொல்லியுட்டேன், எங்கண்ணன் மவ, உனக்குத் தங்கச்சி முறை, பங்காளி வூட்டுப் புள்ளைதானே, சீலையை மட்டும் நீ மடிச்சுக் குடுத்துரு, உனக்குத்தான் கை நேக்குத் தெரியும். சரிங்கய்யா என்றேன். அர்த்தனாரி இரண்டு முழம் தள்ளி நின்று முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்தான், துடைத்தான், ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான், துண்டுக்குள்ளிருந்து, அய்யா, அக்கா நிக்கட்டும் என்று ஒரு வார்த்தை வரும் என நான் குடத்தைத் தூக்காமல் நின்றேன். சொல்லியிருந்தால் ஐயன் அவனைக் கன்னத்தில் அறைந்திருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும், நான் நின்றிருக்க மாட்டேன், அந்த அறையை வைத்துக்கொண்டு எண்பது வயது வரைக்கும் நான் வாழ்ந்திருப்பேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வீட்டில் கூறைச் சேலையைச் சீருக்கு மடிக்கும்போது அக்குளில் இடுக்கும் முனையில் ஒரு கொட்டைப் பாக்கை வைத்து முடிந்துவிடுவோம், பட்டு வழுக்கினாலும் முடிச்சு தடுத்து நிறுத்தும், ஆத்தாவின் ஆத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம், அறைக்குள் தனியாக உட்கார்ந்து நான் சேலையை மடித்தேன், ஒரு விரல் அகலம் பிசகாமல் மடித்தேன், பாக்கைக் கையில் எடுத்தேன், வெளியே பாவாத்தாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது, தலை நிறையப் பூ, ஆறு மாதக் கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஏனுங்க்கா ஆச்சுங்களா, எனக்கு நிக்கறதுன்னாவே காலு நடுங்குது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள், பாக்கை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு, முடிச்சு இல்லாத சேலையை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி முனையை ஒருமுறை தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். அதன் பிறகு நழுவியதுதான் உலகத்துக்குத் தெரியுமே, சீர் செய்துகொண்டிருந்த அருமைக்காரர் கை அந்தரத்தில் நின்றது, யாரோ ஒரு கிழவி ஐயையோ என்றாள், ஐயன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது, இணை நழுவிப் போச்சு, பாவாத்தா கை ஆகாத கை என்று அன்று மாலைக்குள் சேதி மூன்று ஊர் தாண்டிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் துவர்ப்பாக எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றேன், பாவம் என்று தோன்றவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, ஒரு தாகம் தீர்ந்த மாதிரி இருந்தது, அது தீரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது, நழுவினாலும் நின்றவள் அவள்தானே, தீபாவளிக்குத் தீபாவளி தம்பி சேலை எடுத்துக் கொடுத்தது அவளுக்குத்தானே, எனக்குத் தம்பி எதையும் தனியாகக் கொடுத்ததில்லை, வூடே உன்னுதுதானக்கா என்பான்.

இருபத்து நான்கு வருடம் கழித்து பாவாத்தாள் வெற்றிலைத் தட்டோடு வருகிறாள், தம்பி மகன் சென்னியப்பனுக்கு அவள் கடைசி மகள் ருக்குமணியைக் கேட்கச் சொல்லி உரிமை கேட்டு வருகிறாள், தம்பிக்கு இஷ்டம், தம்பி பெண்டாட்டிக்கு இஷ்டம், பையன் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் தரையில் கோடு போடுகிறான், அவனுக்கும் இஷ்டம், எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நழுவின இணையில பொண்ணெடுக்கறதில்லைங்க பாவாத்தா, குடும்பம் விளங்கணுமல்ல என்கிறேன், எவ்வளவு அமைதியாகச் சொன்னேன், மோர் கொண்டு வரச் சொல்லி என் கையாலேயே கொடுத்தேன், அவள் அதை நிதானமாகக் கடைசி வரை குடித்துவிட்டு, உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க்கா என்று மட்டும் சொல்லி எழுந்து போனாள். சென்னியப்பனுக்குக் கரூர்ப் பக்கம் பெண் எடுத்தோம், அதன் வயிற்றில் சிந்துஜாவும் அவளுக்கு நான்கு வருடம் இளையவனாகப் பிரணவும் பிறந்தார்கள், நான் ஒரு பாக்கைக் கடித்துத் துப்பியதால் பிறந்த குழந்தைகள் என்று தொட்டிலில் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ருக்குமணியை நாமக்கல்லில் ஒரு சாதாரண லாரிக்காரன் வீட்டில் கொடுத்தார்கள், அது அழிந்துபோகும் என்று பார்த்தால் ஒரு லாரி பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று, பிறகு கோழிப்பண்ணை, பிறகு பள்ளிக்கூடம், மகளோடு போய் இருந்துகொண்ட பாவாத்தாள் ஏசி காரில் முன்சீட்டில் புருஷனும் பின்சீட்டில் தானுமாக விசேஷத்துக்கு வந்து இறங்குவாள், எழுபத்தெட்டு வயதிலும் தலையில் பூ, எங்கள் வீட்டு நிலத்தில் பாதியை நாற்கரச் சாலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நான் முதுகை வளைக்காமல் வாசலில் நின்று வாங்க என்பேன்.

சிந்துஜா பல் டாக்டருக்குப் படித்தாள், கட்டிக் கொடுத்து இரண்டரை வருடத்தில் அவள் புருஷன் அவிநாசி ரோட்டில் லாரி மோதிப் போனான், ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்த அன்று அவளைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் விட உரக்க அழுதவள் நான்தான், அந்த அழுகை நிஜம், இனி இந்த வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று அடியில் ஒரு ஆறுதல் ஊறியதும் நிஜம். அது மூன்று மாதம்தான் நிலைத்தது, ஒருநாள் காலை அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு மாங்காய் நிறத்தில் சுடிதார் போட்டு ஸ்கூட்டியை எடுத்தாள், எங்க கண்ணு கெளம்பிட்ட என்றேன், கிளினிக்குக்கு அத்தை, வரும்போது உங்களுக்கு என்ன வேணும் என்றாள், இந்த வீட்டில் இரண்டு தலைமுறைக்கும் நான் அத்தைதான், எனக்கு என்ன வேண்டும் என்று அப்படி யாரும் வாசலில் நின்று கேட்டதில்லை, ஒண்ணும் வேண்டாம் போ என்றேன், பிறகு சென்னியப்பனைக் கூப்பிட்டு ஊர் என்ன பேசும் என்று தெரியுமா, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்றேன், அவன், காலம் மாறிப் போச்சுங்கத்தை என்றான், எனக்கு மாறாத காலம் அவளுக்கு எப்படி மாறியது, யாரைக் கேட்டு மாறியது.

பிரணவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சீருக்கு யார் நிற்பது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இலை எடுக்கும் முன்பே வந்தது, சென்னியப்பன், அத்தை சொல்றதுதான், அவங்க என்ன சொல்றாங்களோ என்று இழுத்தான். பிரணவ் கையில் இருந்த அப்பளத்தைக் கீழே வைத்தான். அதென்னப்பா அத்தையைக் கேக்கறது, அக்காதான் நிக்குது, அக்கா நிக்கலைன்னா எனக்குச் சீரே வேண்டாம், நேராத் தாலியக் கட்டிக்கறேன். டேய் உட்றா, அந்தக் கூடைய ஒரு மணி நேரம் தலைல தூக்கிட்டு நிக்கறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா என்று சிந்துஜா சிரித்தாள், சிரித்தாளே தவிர இலையில் கிடந்த ஒரு பருக்கையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். வேண்டுதலோ இல்லையோ, நீ நிக்கற, எங்கக்கா இல்லாத மேடைல எனக்கென்ன சோலி என்றான் அவன். அந்த வார்த்தை, அவ்வளவு சுலபமாக, தண்ணீர் கேட்பது போல, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டான், யாரும் அவனை அறையவில்லை, கிணற்றடியும் துண்டும் குடமும் என் கண்ணில் வந்து நின்றன, சடங்கு போகட்டும், சேலை போகட்டும், அவளுக்கு வாய்த்த மாதிரி எனக்கு ஒரு தம்பி வாய்க்கவில்லையே என்று நெஞ்சு முழுக்கப் புகைந்தது, என்ன குறைவாக வளர்த்தேன் அவனை, இவள் இவனுக்கு என்ன செய்துவிட்டாள், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பாள், பைக் ஓட்டக் கற்றுக் கொடுத்திருப்பாள், நான் உயிரைக் கொடுத்தேனே. முடியாது என்றேன், என் குரல் ஐயன் குரலாகவே இருந்தது, தாலி இழந்தவ சீருக்கு நின்னா சபை ஒத்துக்காது, பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க, பாவாத்தாளோட அண்ணன் பேத்தி ஹர்ஷினி இருக்கறா, பங்காளி வூட்டுப் புள்ளை, தங்கச்சி முறை, அவ நிக்கட்டும். எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள், பாவாத்தாள் வீட்டு நிழல் கூட எங்கள் மேடையில் படக் கூடாது என்று முப்பது வருடமாக இருந்தவள், நானே அவள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடச் சொல்கிறேன், அந்தப் பொறாமை பழையது, பல் போன பாம்பு, இது புதுசு. சிந்துஜா எழுந்து கை கழுவப் போனாள், குழாய் நெடுநேரம் ஓடியது.

அண்ணன் வீட்டிலும் பாவாத்தாள் சொல்தான் செல்லும் என்பதால் முறைப்படி நானே நாமக்கல்லுக்குப் போனேன், பெரிய வீடு, தரையில் கால் வைத்தால் வழுக்குகிறது, பாவாத்தாளின் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து நாவிதரிடம் முகத்தைக் கொடுத்திருக்கிறார், அவள் சுவரளவு டிவியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள், வாங்க்கா, வராதவங்க வந்திருக்கறீங்க, மழைதான் வரப்போகுது, கண்ணு, பெரியம்மாவுக்கு மோர் கொண்டா, உப்பை அளவாப் போடு. நான் விஷயத்தைச் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், புருஷன் பக்கம் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஹர்ஷினி நிக்க மாட்டாளுங்க்கா. ஏன், பழசை மனசுல வெச்சிருக்கறயா பாவாத்தா. பழசுன்னா எதுங்க்கா, பாக்கைச் சொல்றீங்களா என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு பறவை வெளியே வந்து கத்திவிட்டுப் போனது, நான் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக் கதை சொல்வது போலப் பேசிக்கொண்டு போனாள், எங்கண்ணன் கல்யாணத்துக்கும் நாந்தானுங்க்கா நின்னேன், முடிச்சு இருந்தாக் கல்லாட்டம் உறுத்துமே, வாங்கும்போதே தெரிஞ்சு போச்சு, உங்க வாயில பாக்கு வாசம் வேற. தெரிஞ்சும் ஏன் சொல்லலை என்று கேட்டது நான்தானா. சொன்னா சித்தப்பன் உங்களைத் தொலைச்சிருப்பாரு, மணவறைன்னும் பாக்காம மம்பட்டியை எடுத்திருப்பாரு, இறுக்கிப் புடிச்சுக்கலாம்னு நெனச்சேன், பால் குடுக்கற ஒடம்பு, கையி ரண்டும் மேல, முடியலைங்க்கா. உம் மகளை வேண்டான்னு சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே. அதுல எனக்கு வெசனந்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன், ருக்கு ஒரு மாசம் சரியாச் சோறு திங்கலை, ஆனா உங்களுக்கு வேற ஒண்ணுமே இல்லாமப் போச்சே, அதாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன். அதாவது இருக்கட்டும் என்றாள், என் முழங்கை மேல் கையை வைத்தாள், வளையல் நிறைந்த கை, உள்ளூரில் வசை வாங்கிக்கொண்டு ஐம்பத்து மூன்று வருடம் எனக்குப் பிச்சை போட்டுக்கொண்டிருந்த கை. கூடப் பொறந்தவ வூட்டுல இருக்கறப்ப இன்னொருத்தி போயி நிக்கற பாவத்தை நான் ஒருக்காப் பண்ணிட்டேன், எங்க வூட்டுல இன்னொருத்தி அதைப் பண்ண வேண்டாங்க்கா, கூப்பிட வந்தீங்கல்ல, கல்யாணத்துக்கு மொத நாளே வந்துர்றேன். மோரைக் கடைசி வரை குடித்தேன், உப்புச் சரியாக இருந்தது.

கார் காவிரிப் பாலத்தில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, அவள் மேல் அப்படி எரிந்தது, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் என்று நினைத்து எத்தனை வருடம் நிம்மதியாக அவளை வெறுத்தேன், அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள், இனி எதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது. அவள் பெரிய மனசுக்கு முன்னால் நான் சிறுத்துப்போய் நிற்பதா, மாட்டேன், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே சென்னியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன், சிந்துஜாவே நிக்கட்டும், எவனாச்சும் பேசினா எங்கிட்ட வரச் சொல்லு. பிரணவ் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான், எறக்குடா எலும்பு ஒடையும் என்றேன், அத்தை மாதிரி மனசு யாருக்கு வரும் என்று சென்னியப்பன் பெண்டாட்டி போனில் கரூருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், சிந்துஜா மட்டும் அறை வாசலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் அல்லவா, வலி எந்தப் பல்லில் என்று தெரிந்திருக்கும், நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஈரோட்டு மண்டபத்தில் சாயங்காலம், ஏசி குளிருகிறது, முன்வரிசையில் எனக்கு நடு நாற்காலி, பக்கத்தில் பாவாத்தாள், பின்னால் இரண்டு வரிசை தள்ளி யாரோ, புருசன் இல்லாதவளா நிக்கறா என்று கிசுகிசுக்கிறார்கள், நான் கழுத்தை மட்டும் திருப்புகிறேன், சத்தம் அடங்குகிறது. மேடையில் சிந்துஜா வருகிறாள், கிளிப்பச்சைப் பட்டு, தலையில் பேழைமூடி, கையில் செம்பு, அருமைக்காரர் சேலையின் முனையை அவள் கக்கத்தில் இடுக்குகிறார், பாக்கு முடியும் வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பிரணவ் அவள் காதில் ஏதோ சொல்கிறான், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போடா என்கிறாள், அர்த்தனாரி நேரே பார்த்துக்கொண்டிருந்தான், இவன் அவளையே பார்க்கிறான், போட்டோக்காரன் அப்படியே இருங்க மேடம், இன்னொண்ணு, இன்னொண்ணு என்கிறான், அவள் தோள் இறங்குகிறது, நழுவுகிறது, பட்டு ஒரு மடிப்பு இறங்கிவிட்டது, முந்நூறு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை, எனக்குத் தெரிகிறது, எனக்குள் ஒரு கிழட்டு நாக்கு ஊறுகிறது, விழட்டும், இன்னும் ஒரு மடிப்பு, விழட்டும், ஊர் பார்க்கட்டும், அவளும் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வரட்டும், நான் அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கக்கத்தை இறுக்குடி கண்ணு என்று ஒரு சத்தம் மண்டபத்தை உலுக்கியது, மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறேன், எழுந்தது எப்போது என்று தெரியவில்லை. சிந்துஜா முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள், பிரணவ் ஒரு எட்டு நெருங்கி வந்து சேலையைத் தளர்த்திக் கொடுக்கிறான், மேளம் மறுபடி தொடங்குகிறது, உக்காருங்க்கா, புடிச்சுக்கிட்டா என்கிறாள் பாவாத்தாள். உட்கார மனம் வரவில்லை, மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைக்கிறாள், பேழைமூடி சாயாமல், கண்ணில் தண்ணீரோடு, அழகாகத்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் நிற்கிறாள், ஆனால் முதுகு கொஞ்சம் கூன், அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் இன்னும் நிமிர்ந்து நின்றிருப்பேன்.